பார்க்காமல் அடித்த லோயர் பரீட்சை

எண்பதுகளில் எங்கள் பக்கத்திலிருந்து கல்லூரிக்குப் போனவர்கள் யாரும் கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததை நம்பிப் போகவில்லை. பட்டம் என்பது கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள. வேலைக்கு வேறு ஏற்பாடு வேண்டும். விழுப்புரத்தில் நான் பி.ஏ. பொருளாதாரம் படித்த வகுப்பில் எல்லோரிடமும் அப்படி ஒரு வேறு ஏற்பாடு இருந்தது. ஒருவன் இந்தி படித்தான். ஒருவன் வங்கிப் பரீட்சைக்காக உலக நாடுகளின் தலைநகரங்களை மனப்பாடம் செய்து, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் ஒப்பித்தான். இன்னொருவன் அதிகாரி ஆனபிறகு போடப்போகும் கையெழுத்தை மட்டும் பச்சை மையில் பழகிக்கொண்டிருந்தான். (ஆகியும் விட்டான். மூன்று பேரில் அவன் ஒருவன்தான் உருப்பட்டது.)

நான் டைப்ரைட்டிங் படித்தேன்.

அதற்குக் காரணம் என் ஆர்வமில்லை, அப்பாவின் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. முண்டியம்பாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். அப்பா தன் மல்லாட்டையைத் திண்டிவனத்தில் ஓர் எண்ணெய் மில்லுக்குப் போடுவார். ஒருநாள் எடை போட்டுக்கொண்டிருக்கும்போது, ஆபீசுக்கு டைப்பிஸ்ட் ஒருத்தர் வேண்டும் என்று மில் முதலாளி பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார். அப்பா மூட்டையை இறக்காமலே, "என் சின்னப் பையன் டைப்புதான் படிச்சிக்கினு இருக்கான்" என்று சொல்லிவிட்டார். நான் அன்றுவரை டைப்ரைட்டரை ஜன்னல் வழியாகப் பார்த்தவன்.

வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைச் சொன்னார். "நாளையிலர்ந்து நீ டைப்பு படிக்கிற. லோயரு பாஸ் பண்ணிட்டு வரட்டும், அதுவரைக்கும் வேற ஆளு போடமாட்டேன்னு சொல்லிட்டாரு."

"பாஸ் பண்ணலன்னா?" என்று கேட்டேன்.

"கொல்லை இருக்கு. உங்க அண்ணன் ஒண்டியாதான் கஷ்டப்பட்டுக்கினு இருக்கான்."

லோயர் என்கிற அந்த முதல்நிலைப் பரீட்சையில் பாஸானால் மில் ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்காரலாம். பெயிலானால் அண்ணனோடு வெயிலில் குனிந்து மல்லாட்டைக்குக் களை வெட்டலாம். என் எதிர்காலம் இவ்வளவு தெளிவாக எனக்குத் தெரிந்தது அந்த ஒரு சமயத்தில்தான்.

விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது எங்கள் இன்ஸ்டிட்யூட். கல்லூரிக்குப் போவதற்கு முன்னால் அங்கே வகுப்பு. மாஸ்டர் பெயர் கோதண்டபாணி. ஒல்லியான மனிதர், கையில் எப்போதும் ஒரு மர ஸ்கேல் வைத்திருப்பார். அவருக்கு ஒரே ஒரு கொள்கைதான் இருந்தது. டைப் அடிக்கிறவன் கீ போர்டைப் பார்க்கக்கூடாது, அடித்துக்கொண்டிருக்கும் பேப்பரையும் பார்க்கக்கூடாது. பக்கத்தில் வைத்திருக்கும் பாடத்தை மட்டும் பார்க்க வேண்டும்.

"பேப்பரைப் பாக்கறவன் தப்பைப் பாப்பான். தப்பைப் பாத்தவன் நிப்பான். நின்னவன் பெயிலு" என்பார். பார்வை கொஞ்சம் நகர்ந்தாலும் ஸ்கேல் கழுத்துக்கு வந்துவிடும்.

கீ போர்டைப் பார்த்தும் பயனில்லை என்பது வேறு விஷயம். பல வருஷத்து மாணவர்களின் விரல்பட்டு, எங்கள் மெஷின்களில் கீயின் மேலிருந்த எழுத்தெல்லாம் தேய்ந்து மறைந்துவிட்டிருந்தது. புதிதாக வந்து சேர்கிறவன், எது 'ஏ' எது 'பி' என்பதைப் பக்கத்திலிருப்பவனைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கொள்கையில் என்னை மிஞ்ச ஆளில்லை. எனக்கு வேகம் சுமார்தான், ஆனால் பார்க்காமலிருப்பதில் அபாரத் திறமை. பேப்பர் மாட்டும்போதுகூடப் பார்க்கமாட்டேன். ஒருநாள் மெஷினில் ரிப்பன் கழன்று கிடந்தது. அது தெரியாமல் நான் ஒரு முழுப் பக்கத்தையும் அடித்து முடித்தேன். உருவினால், வெள்ளைக் காகிதம் வெள்ளையாகவே வந்தது. நான் பயந்துபோய் நின்றேன். மாஸ்டர் அந்தக் காகிதத்தை வாங்கி எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார்.

"பாருங்கடா. ஒரு எழுத்து உழல. அப்பவும் இவன் நிக்கல. இதுதான் டிசிப்ளின்."

அன்று முதல் நான் இன்ஸ்டிட்யூட்டின் நட்சத்திரம். ஒன்றும் இல்லாத காகிதத்துக்காகப் பாராட்டு வாங்கினவன் நாளைக்கு என்ன ஆவான் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. நான் சுத்தமாக யோசிக்கவில்லை.

எனக்கு இரண்டு மெஷின் தள்ளி உட்கார்ந்து தமிழ் டைப் படித்தவள் மல்லிகா. எங்கள் கல்லூரிதான், பி.ஏ. தமிழ் இலக்கியம். விக்கிரவாண்டியிலிருந்து பஸ்ஸில் வருவாள். மாஸ்டருக்கும் அவளுக்கும் ஒத்துப்போகாது. ஒவ்வொரு வரி முடிந்ததும் அவள் தலையை நிமிர்த்திப் பேப்பரைப் பார்ப்பாள். பெண்பிள்ளை என்பதால் மாஸ்டர் ஸ்கேலை மேஜையில் தட்டுவதோடு நிறுத்திக்கொள்வார்.

"பாக்காத பாக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"பாக்கறதுக்குத்தானே சார் அடிக்கிறோம்" என்பாள் அவள், குரலை உயர்த்தாமல்.

இவள் தேறமாட்டாள் என்று நான் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். இன்ஸ்டிட்யூட்டில் பையன்களும் பெண்களும் பேசிக்கொள்ளும் வழக்கமில்லை. இல்லாவிட்டால் அவளுக்கு ஒழுக்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை புத்தி சொல்லியிருப்பேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவைப்படும். டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் பரீட்சை நடக்கும் இடத்தில் மெஷின் தரமாட்டார்கள். ஒவ்வொரு இன்ஸ்டிட்யூட்டும் தன் மெஷின்களைத் தானே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்தத் தடவை எங்களுக்குத் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை. டெம்போவில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் மெஷின்களை வரிசையாக வைத்து, மூட்டை தூக்கிப் பழகின உடம்பு என்பதால் என்னையும் கூடவே ஏற்றிவிட்டார் மாஸ்டர். என்னைத் தவிர எல்லோரும் பஸ்ஸில் வந்தார்கள்.

எல்லா மெஷினுக்கும் ஒரே ரெக்ஸின் துணியில் தைத்த பச்சை உறை. எது தமிழ், எது இங்கிலீஷ் என்று வெளியிலிருந்து தெரியாது. அதற்காக மாஸ்டர் முதல் நாளே தமிழ் மெஷின் உறையின் மேல் குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்திருந்தார். "பொட்டு வச்சது தமிழு. அது மல்லிகாவுக்கு. மறந்துடாத" என்று என்னிடம் சொல்லியும் அனுப்பினார். அந்தப் பிரிவுக்கு எங்களிடமிருந்து அவள் ஒருத்திதான்.

நல்ல ஏற்பாடு. ஆனால் டெம்போ கிளம்புவதற்கு முன்னால் மாஸ்டரின் மனைவி கற்பூரத் தட்டோடு கீழே இறங்கி வந்தார். பிள்ளைகள் எல்லாரும் பாஸாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, வண்டியைச் சுற்றி வந்து, ஒரு மெஷினையும் விடாமல் எல்லா உறையிலும் குங்குமம் வைத்தார். டிரைவர் நெற்றியிலும் வைத்தார். என் நெற்றியிலும் வைத்தார். நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

திண்டிவனத்தில் பள்ளிக்கூடத்து வாசலில் டெம்போ நின்றபோது மல்லிகா முன்னாலேயே வந்து காத்திருந்தாள். தமிழ்ப் பரீட்சை மைதானத்துக்கு அந்தப் பக்கத்துக் கட்டடத்தில், இங்கிலீஷ் இந்தப் பக்கத்தில். நான் டெம்போவுக்குள் கை விட்டேன். முதலில் கையில் வந்த மெஷினில் குங்குமம் இருந்தது. எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டேன். மற்ற மெஷின்களிலும் குங்குமம் இருந்ததை நான் பார்க்கவில்லை. பார்ப்பது என் வழக்கமில்லை என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

"இது தமிழ் மிஷின்தானே? நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"பாத்தேங்க."

"குடுங்க, நானே எடுத்துக்கினு போறேன்."

"வேணாங்க, கனமா இருக்கும். நீங்க முன்னால போங்க."

ஒரு பெண்ணுக்காக ஒரு டைப்ரைட்டரைத் தோளில் சுமந்துகொண்டு ஒரு முழு மைதானத்தைக் கடக்கும் வாய்ப்பு எல்லா இளைஞர்களுக்கும் கிடைப்பதில்லை. நான் அவசரப்படவில்லை. தேவைக்கு மேல் நிமிர்ந்து நடந்தேன். அவள் மேஜைமேல் மெஷினை வைத்து, உறையை ஒரு தடவை துடைத்தும் விட்டேன். (உள்ளே கழற்றிப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.) அதற்குள் மணி அடித்துவிட்டது. யாருப்பா நீ, வெளியே போ என்று ஒருவர் விரட்டினார்.

நான் திரும்ப ஓடி எங்கள் ஹாலுக்கு வந்தபோது எங்கள் ஆட்கள் எல்லோரும் அவரவர் மெஷினோடு உட்கார்ந்திருந்தார்கள். பரீட்சைக்கு முன்னால் மெஷினை அடித்துச் சரிபார்க்கக் கொடுக்கும் நேரம் முடிந்துவிட்டிருந்தது. எனக்கென்று மிச்சமிருந்த ஒரு மெஷினை யாரோ நல்லவர்கள் என் மேஜையில் வைத்து உறையையும் கழற்றியிருந்தார்கள். உட்கார்ந்தேன். பேப்பரை மாட்டினேன், பார்க்காமல். வினாத்தாளில் சிறுசேமிப்பைப் பற்றி இங்கிலீஷில் ஒரு பத்தி. மேற்பார்வையாளர் கையைத் தூக்கி இறக்கினார். அடிக்க ஆரம்பித்தேன்.

மெஷினில் ஏதோ சரியில்லை என்பது எனக்குத் தெரியாமலில்லை. சில எழுத்தை அடித்தால் பேப்பர் உருளை நகரவே இல்லை. வரி முடியும்போது அடிக்கும் மணி, அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்காமல், தாமதமாக அடித்தது. டெம்போவில் வந்த களைப்பு என்று நினைத்தேன். எனக்கு இல்லை, மெஷினுக்கு. இந்த நேரத்தில்தான் மாஸ்டரின் குரல் காதில் கேட்டது. நின்னவன் பெயிலு. நான் நிற்கவில்லை. மில் ஆபீஸ் மின்விசிறியை நினைத்துக்கொண்டு, வினாத்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், தப்பில்லாமல் அடித்துக்கொண்டே போனேன். அவ்வளவு நன்றாக நான் என்றைக்கும் அடித்ததில்லை.

பாதிப் பத்தி தாண்டியிருக்கும். பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. நன்றாக அடிக்கிறவன் பின்னால்தான் மேற்பார்வையாளர் வந்து நிற்பார் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். வேகத்தைக் கூட்டினேன். தோளில் ஒரு கை விழுந்தது. என் கவனத்தைச் சோதிக்கிறார் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கூட்டினேன்.

"தம்பி" என்றார்.

நான் மசியவில்லை. அவர் மெஷினை நிறுத்துவதற்காகக் கையை நீட்டியிருக்கிறார். நான் அதே நேரத்தில் அடுத்த வரிக்காக உருளையை ஓங்கித் தள்ளினேன். அது அவர் விரலில் போய் இடித்தது. அவர் விரலை உதறிக்கொண்டார். பிறகு அடிபடாத கையால் பேப்பரை மெஷினிலிருந்து உருவினார். அப்போதுதான் நான் நின்றேன்.

அவர் பேப்பரைத் தூரமாகப் பிடித்துப் படித்தார். கிட்டே பிடித்துப் படித்தார்.

"இன்னா பாஷை தம்பி இது?"

"இங்கிலீஷ் சார்" என்றேன், நேராகப் பார்த்துக்கொண்டு.

"சார், அது என் மிஷின்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மல்லிகா நின்றுகொண்டிருந்தாள். அவள் முதல் வார்த்தையை அடித்ததுமே பேப்பரைப் பார்த்திருக்கிறாள். பார்த்ததும் எழுந்து கை தூக்கியிருக்கிறாள். தமிழ் மெஷின் எங்கே என்று தேட அவளை இங்கே அனுப்பியிருக்கிறார்கள். பச்சைச் சட்டை போட்டவர்தான் சார் தூக்கிக்கினு வந்தாரு என்று என்னை அடையாளமும் காட்டிவிட்டாள்.

மேற்பார்வையாளர் பேப்பரை என் முன்னால் வைத்தார். "தம்பி, பேப்பரைப் பாருங்க."

பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை தமிழ் எழுத்துகள், ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், ஒரு மொழியிலும் சேராமல் நின்றுகொண்டிருந்தன. சில இடத்தில் ஒரு எழுத்தின் தலைமேல் இன்னொரு எழுத்து உட்கார்ந்திருந்தது. இங்கிலீஷில் 'தி' என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் 'வாந' என்று இருந்தது. எத்தனை இடமானாலும் அதே 'வாந'.

நியாயமாகச் சொல்ல வேண்டும், அவர் நல்ல மனிதர். வலிக்கிற விரலை வாயில் வைத்துக்கொண்டு வினாத்தாளோடு ஒத்துப்பார்த்தார். "வெரலு எல்லாம் கரெக்டாத்தான் போயிருக்கு. அது வரைக்கும் ஒரு தப்பும் இல்ல" என்றார். அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "ஆனா நான் வெரலுக்கு மார்க்கு போட முடியாதே."

மல்லிகாவுக்கு அன்றைக்கே அடுத்த வேளைப் பரீட்சையில் உட்கார அனுமதி கிடைத்தது, ஏனென்றால் அவள் பேப்பரில் இருந்தது ஒரே ஒரு வார்த்தை. நானும் கேட்டேன். அவ்வளவு அடித்த பிறகு முடியாது என்றார். ஒழுங்காகப் பார்த்தவளுக்கு இன்னொரு வாய்ப்பு, ஒழுங்காகப் பார்க்காதவனுக்கு இல்லை. மெஷினை நான் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

"வேணாங்க, போதும்" என்று சொல்லிவிட்டு அவளே இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என் பரீட்சை போனதைவிட, அவள் பரீட்சையைக் கெடுக்கப் பார்த்தேனே என்பதுதான் அந்த நிமிஷத்தில் அதிகமாக உறுத்தியது.

இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். சலவை வேட்டி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. பரீட்சை முடிந்த கையோடு என்னை மில் முதலாளியிடம் காட்டிவிட வேண்டும் என்று சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்திருந்தார்.

"எப்பிடி அடிச்ச? தப்பு கிப்பு இருக்குதா?"

"ஒரு தப்பும் இல்லன்னு பரீட்சைக்கு வந்த சாரே சொன்னாருப்பா" என்றேன். இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வழியில் சோடா வாங்கிக் கொடுத்தார். சோடாக்கடைக்காரரிடம், "ஒரு தப்பு இல்லையாம்" என்றார். அவர் எதைப் பற்றி என்று கேட்கவில்லை.

மில் ஆபீஸ் நான் நினைத்ததுபோலவே இருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு புத்தம் புது டைப்ரைட்டர். முதலாளி பருத்த மனிதர், டம்ளரில் டீயோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க. தம்பி பரீட்சை எப்பிடி?"

"ஒரு தப்பு இல்லைங்க. ஆபீசரே சொல்லிட்டாரு" என்றார் அப்பா.

"அப்பிடின்னா ரிசல்ட்டுக்கு எதுக்குக் காத்துக்கினு இருக்கணும்? தம்பி, உக்காருங்க. ஒரு லெட்டரு அடிங்க, பாப்போம்."

உட்கார்ந்தேன். இந்தத் தடவை மாஸ்டரின் கொள்கையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கண்ணை நன்றாகத் திறந்து கீ போர்டைப் பார்த்தேன். எழுத்துகள் எல்லாம் பளபளவென்று தெரிந்தன. ய, ள, ன, க. காலையில் என் விரலுக்கு அடியில் இருந்த அதே வரிசை.

"இது தமிழ் மிஷினுங்க" என்றேன்.

"ஆமா. நம்ம சரக்கு வாங்கறவன்லாம் சேலத்துலயும் ஈரோட்டுலயும் இருக்கான். இங்கிலீஷுல எழுதினா எவன் படிக்கிறது?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார். எந்த மொழியில் டைப்பிஸ்ட் வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கச் சொல்லவில்லை. "டைப்புன்னா டைப்புதானேடா" என்றார் மெதுவாக.

முதலாளி சொல்ல ஆரம்பித்தார். "அன்புள்ள ஐயா. தாங்கள் அனுப்பிய காலி டின்கள் வந்து சேர்ந்தன."

நான் 'அ'வைத் தேடினேன். கீ போர்டில் எவ்வளவு எழுத்துகள் இருக்கின்றன என்பது ஒரு குறிப்பிட்ட எழுத்தைத் தேடும்போதுதான் தெரிகிறது. மேல் வரிசையில் பார்த்தேன், நடுவில் பார்த்தேன். முதலாளி டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். 'அ' கிடைத்தது. 'ன்'னுக்குப் புள்ளியைத் தேடிப் புறப்பட்டேன்.

"தம்பி, கூச்சப்படாதீங்க" என்றார் முதலாளி. "பரீட்சையில எப்பிடி அடிச்சீங்களோ, அதே மாதிரி அடிங்க."

"அதே மாதிரி அடிச்சா உங்களுக்கு ஒண்ணும் புரியாதுங்க" என்றேன். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. குங்குமத்திலிருந்து ஆரம்பித்து மேற்பார்வையாளரின் விரல்வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது. கடைசிவரைக்கும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பொண்ணு தமிழு நல்லா அடிக்குமா?"

"அடிப்பாங்க. ஒவ்வொரு வரியும் பாத்துப் பாத்து அடிப்பாங்க."

"பாத்து அடிக்கிற ஆளுதான்பா எனக்கு வேணும். பேரு இன்னா, எந்த ஊரு?"

சொன்னேன். வேறென்ன செய்வது? என் வேலையை என் வாயாலேயே, ஊர்ப் பெயர் முதற்கொண்டு சொல்லி, இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

பஸ்ஸில் அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். முண்டியம்பாக்கத்தில் இறங்கினதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "காலையில ஜல்தியா எழுந்துக்க. உங்க அண்ணன் வெயிலுக்கு முன்னால கொல்லைக்குப் போயிடுவான்" என்றார். திட்டியிருக்கலாம். திட்டாததால் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா பார்க்காததுபோல முன்னால் நடந்தார்.

அந்தக் கோடை முழுவதும் களை வெட்டினேன். களைக்கொத்துப் பிடியின்மேல் என் விரல்கள் தம்பாட்டுக்கு டைப் அடித்துக்கொண்டிருந்தன. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடா, கைக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்று கவலைப்பட்டான். அடுத்த பரீட்சையில் ஒவ்வொரு வரிக்கும் பேப்பரைப் பார்த்து அடித்துப் பாஸ் பண்ணினேன். கோதண்டபாணி மாஸ்டருக்கு அதில் வருத்தம்தான். "பாஸ் பண்ணிட்டான், ஆனா கெட்டுப் போயிட்டான்" என்று மற்றவர்களிடம் சொன்னாராம். பிறகு சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி, விழுப்புரத்திலேயே ஒரு சர்க்கார் ஆபீசில் சேர்ந்தேன். அங்கேயும் மின்விசிறி இருந்தது, மின்சாரம் இருந்தால் ஓடும்.

எண்பதுகள் முடிவதற்குள் அத்தை எனக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பெண்ணும் வேலைக்குப் போகிறதாம், நல்ல குடும்பமாம். போட்டோவை நீட்டினார். பெரியவர்கள் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். பழைய ஒழுக்கம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. விக்கிரவாண்டி என்றபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பெண் பார்க்கப் போனோம். பாயில் உட்கார்ந்தோம். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். காப்பித் தட்டு வந்து என் முன்னால் நின்றது, ஆனால் கீழே இறங்கவில்லை. நிமிர்ந்தேன். மல்லிகா என்னை நன்றாக, நேராக, ஒரு வரி அடித்துவிட்டுச் சரிபார்க்கிறமாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவருதானா?" என்றாள் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்து. "மிஷினைப் பாக்கல, பேப்பரைப் பாக்கல. பொண்ணை மட்டும் பாக்க வந்துட்டாரா?"

அந்தக் காலத்தில் பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாயைத் திறந்தால் காரியம் கெட்டது என்று அர்த்தம். யாரும் காப்பியைத் தொடவில்லை. அவளுடைய அப்பா எழுந்து என்னம்மா இது என்று ஆரம்பித்தார். அவள் நிதானமாக, திண்டிவனத்தில் நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். அவள் சொன்னதில் நான் மைதானத்தில் நடந்த நடையும் சேர்ந்திருந்தது. (கவனித்திருக்கிறாள் பாருங்கள்.) அவளுடைய அப்பாவே சிரிப்பை அடக்கமுடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"எந்த மில்லும்மா நீ வேலை செய்யறது?"

மல்லிகா சொன்னாள். ஃபேனுக்குக் கீழே மேஜையா என்று கேட்டார் அப்பா. ஆமாம் என்றாள். அப்பா காப்பியை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, எங்களுக்குச் சம்மதம் என்றார். என்னைக் கேட்கவில்லை. மல்லிகாவை அவள் அம்மா உள்ளே கூப்பிட்டுக்கொண்டு போய்க் கேட்டார். எனக்குக் கேட்கிற அளவுக்குத்தான் அவள் பதில் சொன்னாள். "பரவால்லம்மா, கூட இருந்து நான் பாத்துக்கறேன்."

கல்யாணம் ஆன பிறகும் அவள் அந்த மில்லுக்குத்தான் போய் வந்தாள். தினமும் காலையில் நான்தான் பஸ் ஏற்றிவிடுவேன். எங்கள் வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும், அப்பா, தான் உயிரோடு இருந்தவரை, மருமகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு இப்படித்தான் அறிமுகம் செய்துவைப்பார். இப்போது அதை என் பிள்ளைகள், அவர் குரலிலேயே சொல்கிறார்கள்.

"இதுதாங்க நம்ம பையன் திண்டிவனத்துல கோட்டை உட்ட வேலை. மனசு கேக்காம போயி, கட்டிக்கினு வந்துட்டான்."